ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எதோடு ஒப்பிட்டால் சிரிப்பும் வரும், விஷயமும் புரியும்?

சந்தேகச்சாமி எழுதியது:

கணினி புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு வாரக் கடைசியில் வகுப்பு எடுக்கிறேன். எல்லாரும் வயதில் பெரியவர்கள், யாரும் புரோகிராமர் ஆகப் போவதில்லை, ஆனால் தினமும் புழங்கும் இந்தப் பெட்டி ஏன் இப்படியெல்லாம் நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள். ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தை "வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையில் நின்று..." என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் உடனே போனை எடுத்துவிடுகிறார்கள். அதனால் ஏதாவது அன்றாட விஷயத்தோடு ஒப்பிட்டுச் சிரிக்க வைத்து, சிரிப்பு அடங்குவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று பார்க்கிறேன்.

விண்டோஸ் விமானமாக இருந்தால், காராக இருந்தால் என்று ஒரு காலத்தில் மின்னஞ்சலில் சுற்றிச் சுற்றி வந்த ஜோக்குகள் எனக்கும் தெரியும், தயவுசெய்து அவை வேண்டாம். அவை கிண்டலடிப்பது விண்டோஸ் 95, 98 காலத்தை. 2001இல் எக்ஸ்பி வந்ததிலிருந்து வீட்டுக் கணினியிலும் உள்ளே ஓடுவது என்.டி. என்ற வேறு அடித்தளம், அது எடுத்ததற்கெல்லாம் குப்புற விழுவதில்லை. அப்புறம் அந்த ஜோக்குகள் எல்லாமே அதை வைத்திருக்கும் ஆட்களின் குணத்தைத்தான் கிண்டல் செய்கின்றன, உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

நானே ஒன்று தயார் செய்தேன். விண்டோஸ் வாடகை வீடு: மேசை நாற்காலி எல்லாம் போட்டே கொடுப்பார்கள், ஆனால் வீட்டுக்காரரிடம் இன்னொரு சாவி உண்டு, ராத்திரியோடு ராத்திரியாக வந்து வேலை பார்த்துவிட்டுப் போவார், காலையில் எழுந்தால் விளக்கு சுவிட்ச் வேறு சுவரில் இருக்கும். மேக் தங்கும் விடுதி: எல்லாம் அழகு, ஆணி மட்டும் அடிக்கக் கூடாது. லினக்ஸ் காலி மனை: செங்கல் இலவசம், சிமெண்ட் இலவசம், எப்படிக் கட்டுவது என்று சொல்லித்தர வேலியோரம் ஒரு பெருங்கூட்டம் நிற்கிறது, ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறது. நன்றாகத்தான் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஓர் அம்மா, "சரி, போன வாரம் கெர்னல் என்று ஒன்று சொன்னீர்களே, அது இந்த வீட்டில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். நிலைவாசல் என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

உள்ளே நடப்பதைத் தொடுகிற ஒப்பீடு யாரிடமாவது இருந்தால் கொடுங்கள். எந்த சிஸ்டம் ஒசத்தி என்ற சண்டை மட்டும் இங்கே வேண்டாம், அதற்கு இணையத்தில் ஏற்கெனவே தாராளமாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.


பழையபெட்டி எழுதியது:

வீட்டுக்குள் கெர்னலைத் தேடினால் கிடைக்காது சாமி. ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மேடை, ஒரே ஒரு மைக், பேச வந்தவர்கள் பத்துப் பேர், அதில் நான்கு பேருக்கு ஆரம்பிக்கத் தெரியுமே தவிர நிறுத்தத் தெரியாது. மைக்தான் பிராசசர், பேச்சாளர்கள்தான் நீங்கள் திறந்து வைத்திருக்கும் புரோகிராம்கள், கூட்டத்தலைவர்தான் கெர்னல், அதாவது சிஸ்டத்தின் நடுவில் இருந்து எல்லாவற்றையும் நடத்தும் பகுதி. இதை வைத்து ஆப்பரேட்டிங் சிஸ்டங்களின் நாற்பது வருடக் கதையையே சொல்லிவிடலாம்.

1981இல் வந்த டாஸ் என்ற பழைய சிஸ்டத்தில் தலைவர் என்று பெயருக்கு ஒருவர் உண்டு. பேச்சாளர் மேடை ஏறியதும் தன் நாற்காலியையும் அவரிடமே கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொள்வார். வந்தவர் மேடையைப் பெயர்த்து எடுத்தாலும் ஒன்றும் கேட்கமாட்டார். அவர் பேசி முடித்து இறங்கினால்தான் அடுத்தவர் ஏற முடியும்.

விண்டோஸ் 3.1இலும், ஓ.எஸ். 9 வரைக்குமான பழைய மேக்கிலும் பலர் ஒரே நேரத்தில் மேடையில் உட்காரலாம், ஆனால் மைக்கை வைத்திருப்பவரே மனசு வைத்து விட்டுக்கொடுத்தால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும். "இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு அமர்கிறேன்" என்று ஆரம்பித்தவர் அமரவில்லை என்றால் முடிந்தது கதை. தலைவர் உட்பட எல்லாரும் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மணல் கடிகாரத்தைப் பார்த்தபடி அந்தக் காலத்தில் நாம் எல்லாரும் உட்கார்ந்திருந்தது இப்படித்தான். இதைக் கோஆப்பரேட்டிவ் மல்டிடாஸ்கிங் என்பார்கள். எல்லாரும் யோக்கியர்களாக இருந்தால் அருமையான ஏற்பாடு.

அடுத்தது பிரீஎம்ப்டிவ் மல்டிடாஸ்கிங், அதாவது மைக்கின் சுவிட்ச் தலைவர் கையில். கணினிக்குள் ஒரு கடிகாரம் விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை மணி அடிக்கும், மணி அடித்ததும் தலைவர் எழுந்து "உங்கள் நேரம் முடிந்தது" என்று பிடுங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார். இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை இருக்கிறது. பேசிக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்தது திறந்தபடி நிற்க, எந்த எழுத்தில் நின்றார், கை எந்தப் பக்கம் நீட்டியிருந்தது என்பது வரை தலைவர் குறித்து வைத்துக்கொள்வார், மறுபடி முறை வரும்போது சரியாக அந்த எழுத்திலிருந்து ஆரம்பித்து வைப்பார். அந்த மனிதருக்குத் தன்னை நிறுத்தியதே தெரியாது. பத்துப் பேரும் வீட்டுக்குப் போய் "இன்றைக்கு முழுக்க முழுக்க நான் ஒருவன்தான் பேசினேன்" என்று சொல்வார்கள், அவரவர் கணக்கில் அது உண்மையும்கூட.

யூனிக்ஸ் 1970களிலேயே இப்படித்தான். வீட்டுக் கணினிகளில் 1985இல் வந்த அமிகாவிலேயே இது இருந்தது, அதற்குப் பிறகும் மற்றவர்கள் பல வருடம் மைக்குக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை. விண்டோஸ் 95 பாதிக் கிணறு: புது 32 பிட் புரோகிராம்களிடம் தலைவர் கறாராக இருப்பார், பழைய 16 பிட் ஆட்கள் வந்தால் அவர்களுக்குள் ஒரு தனி மைக்கைக் கொடுத்து "நீங்களே பங்கு போட்டுக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடுவார். அதில் ஒருவர் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டால் மற்றவர்களும் மாட்டிக்கொள்வார்கள். மேக்குக்கு முழுமையாக வந்தது 2001இல், ஓ.எஸ். டென்னோடு.

தலைவரின் கடிகாரத்தைப் பற்றி ஒரு துணைக்கதை. விண்டோஸ் 95, 98 இரண்டும் ஆன் செய்ததிலிருந்து ஓடிய நேரத்தை மில்லி விநாடியில் 32 பிட் எண்ணாக எண்ணி வந்தன. அந்த எண்ணுக்கு 49.7 நாளில் இடம் தீர்ந்து மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும், வந்ததும் சிஸ்டம் அப்படியே நின்றுவிடும். இந்தக் கோளாறு பல வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்து 1999 வாக்கில்தான் திருத்தினார்கள். அத்தனை நாள் இடையில் விழாமல் ஓடிய விண்டோஸ் 95ஐ யாராவது பார்த்திருந்தால்தானே கண்ணில் படுவதற்கு.


டெர்மினல்வாசி எழுதியது:

பழையபெட்டியின் கூட்டத்தையே வைத்துக்கொள்ளலாம், நாற்காலிகளை மட்டும் நான் சேர்த்துவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் வகுப்பில் எல்லாரும் நிச்சயம் கேட்கப் போவது "இந்த விண்டோஸ் ஏன் எதற்கெடுத்தாலும் ரீஸ்டார்ட் கேட்கிறது" என்பதைத்தான்.

விண்டோஸில் ஒரு ஃபைலை யாராவது திறந்து வைத்திருந்தால் பெரும்பாலும் அதை அழிக்க விடாது. ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடும். அதாவது நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், எழுந்தால்தான் எடுக்க முடியும். யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டால் சில சமயம் அதற்கே தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்லாது, எல்லா ஜன்னலையும் மூடிய பிறகும் யாரோ உட்கார்ந்திருப்பதாகவே அடம்பிடிக்கும். அப்டேட் என்றால் சிஸ்டமே உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளை மாற்ற வேண்டும், அதற்குக் கூட்டத்தைக் கலைத்து, எல்லாரையும் வெளியே அனுப்பி, நாற்காலியை மாற்றிவிட்டு மறுபடி கூப்பிட வேண்டியிருக்கிறது. அதுதான் ரீஸ்டார்ட்.

லினக்ஸும் யூனிக்ஸ் குடும்பமும் வேறு மாதிரி. நாற்காலியை எடு என்றால் உடனே எடுத்துவிட்டேன் என்று சொல்லும். உண்மையில் செய்வது, பதிவேட்டில் அந்த நாற்காலியின் பெயரை அடிப்பது மட்டும். உட்கார்ந்திருப்பவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார், புதிதாக வருகிறவர் கண்ணுக்கு அது தெரியாது, அவர் எழுந்த மறு நொடி நாற்காலி மறைந்துவிடும். கேட்க மாயாஜாலம் மாதிரி இருந்தாலும் சர்வர் பார்த்துக்கொள்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று நடப்பதையெல்லாம் பதிந்து வைக்கும் பெரிய லாக் ஃபைல் ஒன்றைத் தேடி அழித்திருப்பார்கள், அழிந்துவிட்டது என்று பதிலும் வந்திருக்கும், இடம் மட்டும் ஒரு பைட்கூடத் திரும்பி வந்திருக்காது. எவனோ ஒருவன் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து இன்னும் எழுதிக்கொண்டிருப்பான். அவனைக் கண்டுபிடிக்க எல்.எஸ்.ஓ.எஃப். என்று தனியாக ஒரு கமாண்ட் ஓட்டித் தேட வேண்டும்.

இதனால்தான் லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்டேட் போட முடிகிறது. ஆனால் "எங்களுக்கு ரீஸ்டார்ட்டே தேவையில்லை" என்று நெஞ்சை நிமிர்த்துகிற நம் ஆட்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்துகிற, பாதுகாப்பு ஓட்டை இருந்த பழைய லைப்ரரி ஃபைலை மாற்றியாகிவிட்டது, சரி, ஆனால் அதற்கு முன்பே ஓட ஆரம்பித்த புரோகிராம் இன்னும் பழையதின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அதை நிறுத்தித் திரும்ப ஓட்டும் வரை ஓட்டை ஓட்டைதான். கெர்னலையே மாற்றினால், ஓடும்போதே ஒட்டுப்போடும் வசதி தனியாக இல்லாத பட்சத்தில், ரீஸ்டார்ட்தான். கூட்டத்தலைவரைக் கூட்டத்தின் நடுவில் மாற்றுவது எங்கேயுமே சுலபமில்லை.


கடித்தஆப்பிள் எழுதியது:

மேக் ஆள் ஒருவன் இருக்கிறேன் என்பதையே மறந்துவிட்டீர்கள் போல. சண்டை வேண்டாம் என்று சாமி சொன்னதால் விண்டோஸைப் பாராட்டி ஆரம்பிக்கிறேன், பாராட்டு எங்கே போய் முடிகிறது என்று மட்டும் பாருங்கள்.

விண்டோஸ் கூட்டத்தில் ஒரு தடவை வந்தவருக்கு எப்போதும் இடம் உண்டு. ஹார்ட் டிஸ்க் ஏன் சி என்று ஆரம்பிக்கிறது என்று உங்கள் வகுப்பில் கேளுங்கள், பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்கான இருக்கைகள். ஃபிளாப்பி இந்தப் பக்கமே வராமல் போய் எத்தனையோ வருடம் ஆகிறது, அந்த இரண்டு இருக்கையும் இன்னும் முன்வரிசையில் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுக்குப் போய் விண்டோஸில் ஒரு புது ஃபோல்டர் திறந்து அதற்கு "கான்" என்று, ஆங்கில எழுத்து மூன்றில், பெயர் வைக்கச் சொல்லுங்கள். வைக்க விடாது. டாஸ் காலத்தில் அது கீபோர்டும் திரையும் சேர்ந்த சாதனத்தின் பெயர், அந்தப் பெரியவர் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று பெயரை ஒதுக்கியே வைத்திருக்கிறார்கள்.

இதில் உச்சம் சிம்சிட்டி என்ற விளையாட்டின் கதை. அதில் ஒரு பிழை, மெமரியில் தான் திருப்பிக் கொடுத்துவிட்ட இடத்தையே மறுபடி போய்ப் படிக்கும். அதற்கு முன்பு அந்த இடத்தை யாரும் தொடாததால் மாட்டிக்கொள்ளவில்லை. விண்டோஸ் 95 தயாராகும்போது அந்த விளையாட்டு விழுவதைப் பார்த்தவர்கள் விளையாட்டைத் திருத்தச் சொல்லவில்லை. ஓடுவது சிம்சிட்டிதானா என்று சிஸ்டமே பார்த்து, ஆம் என்றால் திருப்பிக் கொடுத்த மெமரியை உடனே வேறு யாருக்கும் தராமல் இருக்கும்படி தனி ஏற்பாடு செய்தார்கள். எழுந்து போனவர் பழக்க தோஷத்தில் திரும்பி வந்து உட்காருவார் என்று ஒரே ஒருவருடைய நாற்காலியைக் காலியாக வைத்திருப்பது மாதிரி. இப்படி ஒரு விருந்தோம்பல் எங்கள் பக்கம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் பக்கம் என்ன நடக்கும் என்றால், சில வருடத்துக்கு ஒருமுறை மண்டபத்தையே மாற்றிவிடுவார்கள். 1994இல் மோட்டோரோலாவிலிருந்து பவர்பிசி சிப்புக்கு, 2006இல் இன்டெலுக்கு, 2020இல் ஆப்பிளின் சொந்தச் சிப்புக்கு. ஒவ்வொரு தடவையும் பழைய மொழி பேசுகிறவர்களுக்குக் கொஞ்ச காலம் மொழிபெயர்ப்பாளர் உண்டு, கடைசி இரண்டு தடவையும் அவர் பெயர் ரோசெட்டா. பிறகு ஒரு நாள் அவரும் வரமாட்டார். 2019இல் கேட்டலினா என்ற மேக் பதிப்பு வந்தபோது 32 பிட் புரோகிராம்கள் எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள், நேற்று வரை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள். ஆனால் எங்கள் மண்டபத்தில் ஒட்டடை இல்லை, அதையும் சொல்லிவிடுங்கள்.

நாங்கள் மட்டும் ஒழுங்கு என்று சொல்லவும் வரவில்லை. பழைய மேக்கில் ஃபிளாப்பியை வெளியே எடுக்க வேண்டுமானால் அதை இழுத்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். அதே தொட்டியில்தான் வேண்டாத ஃபைலையும் போடுவோம். ஃபைலைப் போட்டால் அழியும், டிஸ்க்கைப் போட்டால் பத்திரமாக வெளியே வரும். புதிதாக மேக் வாங்கியவர்கள் முதல் தடவை இதைச் செய்யும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஓ.எஸ். டென்னில்தான் டிஸ்க்கை இழுக்கும்போது தொட்டியின் படம் வெளியே எடுக்கும் குறியாக மாறுகிற மாதிரி செய்தார்கள்.


வேலியோரம் எழுதியது:

டெர்மினல்வாசி நம் லினக்ஸைப் பற்றி நாற்காலியோடு நிறுத்திவிட்டாரே. லினக்ஸ் கூட்டத்துக்குத் தலைவர் யார் என்பதில் சண்டையே இல்லை, 1991 முதல் அதே கெர்னல்தான். சண்டை எல்லாம் திரைச்சீலை என்ன நிறம், மேடை எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதில்தான். அதனால்தான் ஒரே தலைவருக்கு நூற்றுக்கணக்கான மண்டபங்கள், அதாவது அதே கெர்னலை வைத்து ஆளுக்கு ஒன்றாகக் கட்டிய பதிப்புகள். டெபியன் ஆட்களிடமிருந்து கிளம்பி உபுண்டு, உபுண்டுவிலிருந்து மின்ட், மின்ட் ஆட்களுக்கே உபுண்டு மேல் ஒரு சந்தேகம் வந்ததால் நேரடியாக டெபியன் மேல் இன்னொரு மின்ட். ஆனால் ஒன்று, உலகின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து எல்லாமே லினக்ஸ்தான். பக்கத்து வீட்டுக்காரரின் பிரின்டர் மட்டும் இன்னும் பேச மறுக்கிறது.


சந்தேகச்சாமி எழுதியது:

கெர்னலைத் தலைவராக வைப்பது அந்த அம்மாவுக்குச் சரியான பதில், பழையபெட்டி ஐயாவுக்கு நன்றி. ஆனால் உடனே அடுத்த கேள்வி வரும். தலைவர் கையில் சுவிட்ச் இருக்கிறது, யார் என்ன செய்தாலும் மற்றவர்களைத் தொட முடியாது என்றால், பிறகு விண்டோஸ் மொத்தமாக நின்றுபோகும் அந்த நீலத்திரை ஏன் வருகிறது? 2024இல் உலகம் முழுக்க விமான நிலையங்களில் வந்ததை எல்லாரும் செய்தியில் பார்த்திருக்கிறார்கள், அதைக் கேட்காமல் விடமாட்டார்கள்.


பழையபெட்டி எழுதியது:

பேச்சாளர்கள் முன்னால், மேடையில்தான் இருக்கிறார்கள், அவர்களால் தலைவரைத் தொட முடியாது, அது உண்மை. ஒருவர் மயங்கி விழுந்தால் தூக்கிக்கொண்டு போய்விடலாம், கூட்டம் நடக்கும். ஆனால் மேடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது, மின்சார போர்டு, ஒலிபெருக்கி எல்லாம் அங்கேதான். தலைவர் உட்கார்ந்திருப்பதும் அந்த அறைக்குள்தான். அங்கே போக அனுமதி உள்ள வெளியாட்கள்தான் டிரைவர்கள் என்கிற துணை மென்பொருள்கள். கிராபிக்ஸ் கார்டு தயாரித்தவர் எழுதிய டிரைவர், வைரஸ் பிடிக்கிறவர் எழுதிய டிரைவர் எல்லாம் அங்கே போய் வேலை பார்க்கும், அங்கே தடுப்புச் சுவர் கிடையாது. அவர்களில் ஒருவர் தப்பான கம்பியைத் தொட்டால் தலைவருக்கு ஒரே வழிதான் உண்டு: மெயினை அணைத்துவிடுவது. எது கெட்டுப்போனது, எது நல்லாயிருக்கிறது என்று தெரியாத நிலையில் கூட்டத்தைத் தொடர்ந்தால் பதிவேட்டையே தப்பும் தவறுமாக எழுதிவிடக்கூடும். ஆகவே நீலத்திரை என்பது விபத்து அல்ல, விபத்து பரவாமல் இருக்கப் பிடித்த பிரேக். திட்டுவது வேறு விஷயம்.

2024 ஜூலை 19 அன்று நடந்ததும் இதுதான். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் அந்தப் பின்னறையில் வேலை பார்ப்பது. அதற்கு வந்த ஒரு சின்ன அப்டேட் ஃபைலில் பிழை. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன, மொத்த விண்டோஸ் கணினிகளில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் அந்த ஒரு சதவீதம்தான் விமான நிலையத்திலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் உட்கார்ந்திருந்தது. பிழையான ஃபைலை ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றுவிட்டார்கள், பிரயோசனமில்லை. ஆன் செய்தவுடனே விழுகிற கணினிக்கு இணையம் வழியாக மருந்து அனுப்ப முடியாது. பல இடங்களில் ஆளே நேரில் போய் ஒவ்வொன்றையும் சேஃப் மோடில் எழுப்பி அந்த ஃபைலை அழிக்க வேண்டியதாயிற்று.

பின்னறைக்குள் வெளியாளை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்பவர்களும் ஆரம்பத்திலிருந்தே உண்டு. டிரைவர்களையும் முன்னால் உட்கார வை, தலைவர் தனியாக இருக்கட்டும் என்பது மைக்ரோகெர்னல் கட்சி. மினிக்ஸ் என்ற சிஸ்டத்தை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாம் 1992இல், லினக்ஸ் பிறந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், எல்லாவற்றையும் கெர்னலுக்குள் திணிக்கும் இந்த வடிவமைப்பு காலாவதியானது என்று எழுதினார். லினக்ஸை எழுதிய, அப்போது மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் சுடச்சுடப் பதில் எழுதினார். யார் ஜெயித்தார்கள் என்று சொல்வது கஷ்டம். லினக்ஸ் எங்கும் இருக்கிறது. அதே சமயம் பல கார்களுக்குள் ஓடும் கியூ.என்.எக்ஸ். என்ற சிஸ்டம் மைக்ரோகெர்னல்தான். டனன்பாமின் மினிக்ஸே இன்டெல் சிப்புகளின் நிர்வாகப் பகுதிக்குள் ஓடிக்கொண்டிருப்பது 2017இல் வெளியே தெரிந்தது. அந்தச் சிப்புகள் உள்ள கணினியில் விண்டோஸ் வைத்திருப்பவர், லினக்ஸ் வைத்திருப்பவர் எல்லாரும் அடியில் ஒரு மினிக்ஸையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தார்கள்.

இன்னொன்று, என்.டி. ஆரம்பத்தில் கிராபிக்ஸ் வேலையின் பெரும்பகுதியைக் கெர்னலுக்கு வெளியேதான் வைத்திருந்தது. 1996இல் வந்த 4.0இல் வேகத்துக்காக உள்ளே கொண்டுபோனார்கள். பின்னறைக்கு வெளியே நின்று ஒவ்வொரு தடவையும் கதவைத் தட்டி அனுமதி கேட்டால் நேரமாகும் இல்லையா, அதுதான் இந்தக் கட்சிச் சண்டையின் உள்விஷயமே.


தூங்கும்செயலி எழுதியது:

உங்கள் வகுப்பில் எல்லாரும் போனை எடுத்துவிடுகிறார்கள் என்றீர்களே, அப்படியானால் போனையே பாடமாக்குங்கள். எல்லாரும் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. பழைய ஆப்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளித் தள்ளி மூடுவார்கள், பேட்டரி மிச்சம் என்று ஒரு திருப்தி. ஐபோனில் அந்த ஆப்களில் பெரும்பாலானவை ஓடவே இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருக்கின்றன, மைக் முறையே அவற்றுக்கு வராது. தூங்குகிறவரை எழுப்பி வெளியே தள்ளினால், அடுத்த தடவை கூப்பிடும்போது அவர் வாசலில் பெயர் பதிந்து, மூட்டையை அவிழ்த்து, முதலிலிருந்து தயாராக வேண்டும். அதற்குத்தான் செலவு அதிகம். இப்படி மூடுவதால் பேட்டரி மிச்சமாகுமா என்று 2016இல் ஒருவர் மின்னஞ்சலில் கேட்டதற்கு ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகியே இல்லை என்று பதில் சொன்னார். கேட்டவர்கள் யாரும் பழக்கத்தை விட்டதாகத் தெரியவில்லை. ஆப் நிஜமாகவே சிக்கிக்கொண்டால் மட்டும் தள்ளுங்கள்.

லினக்ஸில் இதைவிட முரட்டுத்தனம் உண்டு. மெமரி கேட்டு வருகிற எல்லாருக்கும் "உண்டு, உண்டு" என்று டோக்கன் கொடுத்துக்கொண்டே இருக்கும், மண்டபத்தில் அத்தனை நாற்காலி இல்லை என்று தெரிந்தே. கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து உட்காரமாட்டார்கள் என்ற நம்பிக்கை, அது பெரும்பாலும் பலிக்கவும் செய்யும். பலிக்காத அன்று ஓ.ஓ.எம். கில்லர் என்று ஒருவர் வருவார். வரிசையில் யார் கடைசியாக வந்தார், யார் தப்புச் செய்தார் என்றெல்லாம் பார்க்கமாட்டார். அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவர் யார் என்று ஒரு மதிப்பெண் போட்டு, அவரைத் தூக்கி வெளியே எறிவார். சர்வரில் அதிக மெமரி வைத்திருப்பது அநேகமாக எது? டேட்டாபேஸ். எதற்காக அந்தக் கூட்டமே நடக்கிறதோ அந்தச் சிறப்புப் பேச்சாளர். ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கெர்னல் மேல்தான் நிற்கிறது, ஆனால் அங்கே இவ்வளவு தாமதிக்காமல், கண்ணில் படாமல் பின்னால் இருப்பவர்களிலிருந்து முன்கூட்டியே கழிக்க ஆரம்பித்துவிடும்.


சந்தேகச்சாமி எழுதியது:

இது போதும், இரண்டு வாரத்துக்கு வரும். கடைசியாக ஒன்று மட்டும். ஃபைல் காப்பி செய்யும்போது மீதி நேரம் இரண்டு நிமிடம் என்று காட்டும், பிறகு நாற்பது நிமிடம், பிறகு ஐந்து விநாடி, அந்த ஐந்து விநாடி பத்து நிமிடம் ஓடும். இதற்கும் மண்டபத்திலேயே ஏதாவது இருக்கிறதா?


டெர்மினல்வாசி எழுதியது:

இதற்கு மண்டபம் வேண்டாம், அங்கே ஏற்கெனவே நெரிசல். நேராகவே சொல்லிவிடுங்கள். கடந்த சில விநாடிகளில் எவ்வளவு வேகமாகப் போனதோ, இனியும் அதே வேகத்தில் போகும் என்று வைத்துக்கொண்டு போடுகிற கணக்கு அது. ஒரே ஒரு பெரிய வீடியோ என்றால் கணக்கு ஓரளவு சரியாக வரும். பத்தாயிரம் சின்னச் சின்ன ஃபைல் என்றால் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுத வேண்டும், அனுமதிகளைப் பதிய வேண்டும், வைரஸ் பிடிக்கிறவர் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பார், அதனால் வேகம் படுத்துவிடும், கணக்கும் தாறுமாறாகும். முடிவில் தொங்குவது பெரும்பாலும் பென்டிரைவில்தான் நடக்கும். சிஸ்டம் எழுத வேண்டியதை முதலில் தன் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு எழுதியாகிவிட்டது என்று எண்ணிக்கொள்ளும், டிரைவ் தன் வேகத்தில் மெதுவாக எழுதிக்கொண்டிருக்கும். லினக்ஸில் சில சமயம் காப்பி முடிந்ததாகவே காட்டிவிடும், எடுக்கலாமா என்று கேட்டால்தான் "இன்னும் எழுதுகிறேன்" என்று சொல்லும். ஆகவே பாதுகாப்பாக வெளியே எடுக்கும் அந்தப் பட்டனை ஏன் அமுக்க வேண்டும் என்பதையும் இதே மூச்சில் சொல்லிவிடுங்கள், தனி வகுப்பு மிச்சம்.